எதிர்ப்பதற்கு ஆள் இல்லாதபோது கலகம் என்னவாகிறது?

பதிவு 1 – அரைவெளிச்சம்

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பல மாதங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். எனக்கு இப்போது நாற்பத்தொரு வயது. பதினெட்டாம் வயதில், என் தந்தை எனக்காகத் தீர்மானித்து வைத்திருந்த கணக்கியல் படிப்பை மறுத்துவிட்டு ஒளிப்படக் கலையைத் தேர்ந்தெடுத்தேன். அதன்பின் நிலையான சம்பளத்தை மறுத்தேன், அவர் பார்த்துவைத்த வீட்டை மறுத்தேன், அவர் வாழ்ந்த முறையில் எதெல்லாம் ஒழுங்கு என்று கருதப்பட்டதோ அதையெல்லாம் மறுத்தேன். ஒவ்வொரு மறுப்பையும் 'என் முடிவு' என்றே சொல்லிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். அன்றிலிருந்து பதினொரு மாதங்களாகக் கேமராவை நான் தொடவில்லை. துக்கம் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் மனத்தின் ஒரு மூலையில் அவர் அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பதுபோல் ஒரு காட்சி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது என்பதை இப்போதுதான் கண்டுகொண்டேன். அந்தச் சுளிப்பு இல்லாமல் போனதும் படம் எடுப்பதற்கான காரணமும் இல்லாமல் போய்விட்டது.

அப்படியானால் இந்த இருபத்து மூன்று ஆண்டுகளும் நான் சுதந்திரமாக வாழ்ந்தேனா, அல்லது அவருடைய ஆணைகளையே தலைகீழாக நிறைவேற்றிக்கொண்டிருந்தேனா? ஆறுதல் தேடி இதைக் கேட்கவில்லை. சிந்தித்தவர்கள் யாரேனும் இருந்தால் பதில் எழுதுங்கள்.

பதிவு 2 – குறுக்குக்கேள்வி

விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 'வடக்கே போ' என்று சொன்னதற்காகத் தெற்கே போகிறவனுக்கும் திசைகாட்டி அந்தச் சொல்தான்.

பதிவு 3 – உளநூல் மாணவி

மேலே சொன்ன பதில் கூர்மையாக இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான்.

ஒரு வழியை அடைத்தால் அந்த வழியின்மேல் ஆசை கூடுகிறது என்பதை ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-இல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். தனக்கு உரியது என்று ஒருவர் கருதும் தெரிவு ஒன்று பறிக்கப்படும்போது, அந்தப் பொருளைக் காட்டிலும் பறிக்கப்பட்ட தெரிவை மீட்பதே அவருக்கு முதன்மையாகிவிடுகிறது என்பது அதன் சாரம். தடை நீங்கியதும் பொருளின் கவர்ச்சி குறைவதற்கும் அதே கோட்பாட்டில் இடம் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு நேர்ந்தது விந்தையானது அல்ல. தனிப்பட்ட முறையில் நீங்கள் பொய்யாக வாழ்ந்துவிட்டீர்கள் என்பதற்கான சான்றும் அல்ல.

ஆனால் அந்தக் கோட்பாடு ஒரு செயலின் தொடக்கத்தை விளக்குமளவுக்கு அதன் நீட்சியை விளக்குவதில்லை. வீம்புக்காக ஒருவர் ஒரு படிப்பில் சேரலாம். வீம்புக்காக மட்டும் இருபத்து மூன்று ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து வெளிச்சத்துக்காகக் காத்திருக்க முடியுமா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது. ஒரு காரணத்துக்காகத் தொடங்கியது வேறொரு காரணத்துக்காகத் தொடர்ந்திருக்கலாம்; முதல் காரணம் உரத்துப் பேசியதால் இரண்டாவது உங்கள் காதில் விழாமல் போயிருக்கலாம்.

பதிவு 4 – தராசு

எனக்கு இந்த உரையாடலின் அடிப்படையிலேயே ஓர் இடறல் இருக்கிறது. ஒத்துப்போவது கோழைத்தனம், மறுப்பது வீரம் என்ற ஒரு கணக்கை எல்லாரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள்.

நாம் இங்கே எழுதிக்கொண்டிருக்கும் மொழியே ஒத்துப்போதலின் விளைவு. 'மரம்' என்ற சொல்லுக்கு நான் எனக்கென்று ஒரு பொருளை வைத்துக்கொண்டால் அது என் சுதந்திரம் ஆகாது. என் ஊமைத்தனமாகத்தான் ஆகும். சாலையில் எல்லாரும் ஒரே பக்கமாக வண்டி ஓட்டுவதால்தான் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய இடத்துக்குப் போக முடிகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தாமே தீர்மானிக்க வேண்டும் என்று ஒருவர் கிளம்பினால் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே களைத்துப்போவார். கலகம் செய்பவரும் வாழ்வின் நூற்றில் தொண்ணூற்றொன்பது செயல்களில் ஒத்துப்போகிறவர்தான். மீதி ஒன்றை மட்டும் மேடையில் ஏற்றிக் காட்டுகிறார்.

மேலும் மனித இயல்பும் அதுவே. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற பரிசோதனையில், கூட்டம் தவறாகச் சொன்னதும் எல்லாரும் கண்ணெதிரே தெரிந்ததையே மறுத்துக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள் அல்லவா? இயல்புக்கு எதிராக நின்றவன் என்று பெருமைப்படவோ, நிற்கவில்லையே என்று வருந்தவோ இதில் எதுவும் இல்லை.

பதிவு 5 – உளநூல் மாணவி

தராசு அவர்களின் முதல் வாதத்தை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அந்தப் பரிசோதனையைப் பற்றி நீங்கள் எழுதியது தவறு; அதிலும் பாடப்புத்தகங்களே பரப்பிவைத்திருக்கும் தவறு என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சாலமன் ஆஷ் 1950-களில் நடத்தியது அது. ஏழு முதல் ஒன்பது கல்லூரி மாணவர்கள் ஓர் அறையில் அமர்ந்திருப்பார்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு; இன்னொன்றில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டுக்குச் சமம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆய்வாளரின் ஆட்கள். பதினெட்டுச் சுற்றுகளில் பன்னிரண்டில் அவர்கள் ஒரே குரலில் பிழையான விடையைச் சொல்வார்கள். விவரம் அறியாத அந்த ஒருவரின் முறை கடைசிக்குச் சற்று முன்பு வரும்.

தனியாகக் கேட்டால் நூற்றில் ஒரு பிழைகூட நேராத அளவுக்கு எளிய வேலை அது. கூட்டத்தின் நடுவே, அந்தச் சுற்றுகளில் கிடைத்த விடைகளில் 36.8 விழுக்காடு கூட்டத்தின் பிழையோடு ஒத்துப்போயின. எண்ணிக்கை அதிர்ச்சியூட்டுவதுதான். ஆனால் மறுபக்கத்தையும் படியுங்கள்: விடைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அறை முழுவதும் எதிராக இருந்தபோதும் சரியாகவே சொல்லப்பட்டன. பங்கேற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளையவில்லை. 'எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்' என்பது நடந்ததன் சுருக்கமே அல்ல.

இனி, இந்த இழைக்கு உண்மையில் வேண்டிய பகுதிக்கு வருகிறேன். ஆஷ் அறையின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார். எதிரில் ஒரே ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னால் ஏறத்தாழ எந்தப் பாதிப்பும் இல்லை. இருவரானால் பிழை 13.6 விழுக்காடு. மூவரானால் 31.8. அதற்குமேல் ஆட்களைக் கூட்டினாலும் அழுத்தம் பெரிதாகக் கூடுவதில்லை. அதாவது, நம்மை நசுக்குவது கூட்டத்தின் பருமன் அன்று. அதன் ஒருமித்த தன்மை.

அந்த ஒருமையைக் குலைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒரு துணையை அறையில் அமரவைத்தார். பிழைகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. இன்னொரு வகையில், அந்தத் துணை சரியான விடையைச் சொல்லவில்லை. கூட்டத்தைவிடவும் மோசமான, அபத்தமான ஒரு விடையைச் சொன்னார். அப்போதும் பிழைகள் 9 விழுக்காட்டுக்கு இறங்கின. தவறாக மாறுபட்டவரும் விடுதலைக்கு உதவினார் என்பதை நான் முதன்முதலில் படித்தபோது நம்பவில்லை. இரண்டு முறை திரும்பப் படித்தேன்.

அரைவெளிச்சம் அவர்களுக்காக இன்னொரு மாறுபாட்டையும் சொல்ல விரும்புகிறேன். துணையாக இருந்தவர் பாதியில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால், தனித்துவிடப்பட்டவரின் பிழைகள் சடாரென்று ஏறின. ஆனால் அந்தத் துணை வேறு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டால் பிழைகள் அவ்வளவு ஏறவில்லை. போனவரின் தாக்கம் அவர் போன பிறகும் சிறிது காலம் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தது.

பதிவு 6 – தராசு

திருத்தத்துக்கு நன்றி. 'எல்லாரும்' என்று எழுதியது என் பிழை. என் முதல் வாதம் அப்படியே நிற்கிறது.

பதிவு 7 – பழைய வாசகர்

உளநூல் மாணவி எழுதியதைப் படித்ததும், கலகக்காரர்கள் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் உருவங்களைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. நாம் அவர்களைத் தனியாளாகவே வரைகிறோம். வரலாற்றில் அவர்கள் அப்படி இருந்ததில்லை.

1955 டிசம்பர் 1-ஆம் நாள் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த கறுப்பினப் பெண்மணி ரோசா பார்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து களைத்திருந்த தையல்காரப் பெண்மணி ஒருவர் திடீரென்று 'முடியாது' என்றார் என்பதாகவே அந்தக் கதை சொல்லப்படுகிறது. உண்மையில் அவர் அந்நகரத்தின் கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக உழைத்தவர். அதே ஆண்டுக் கோடையில்தான் சமூகப் போராளிகளுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். அவருக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, மார்ச் 2-ஆம் நாள், பதினைந்து வயது கிளாடெட் கால்வின் அதே நகரத்துப் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதாகியிருந்தார். பார்க்ஸ் முதலாமவர் அல்லர். அவர் மறுத்த பிறகு நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள். அத்தனை நாட்களும் அவர்கள் நடந்த நடைதான் அந்த 'முடியாது' என்ற சொல்லுக்குப் பொருள் கொடுத்தது.

தனிமையின் திருவுருவமாகப் போற்றப்படும் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவும் இப்படித்தான். அடிமைமுறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846-இல் சிறை சென்றார். ஒரே ஓர் இரவு. வேறு யாரோ அவருடைய வரியைக் கட்டிவிட்டதால் மறுநாளே வெளியே வந்துவிட்டார். அவர் தனித்து வாழ்ந்த குளக்கரைக் குடில் இருந்த நிலம் நண்பர் எமர்சனுக்குச் சொந்தமானது. இதையெல்லாம் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. ஒரு நண்பரின் நிலமும் யாரோ ஒருவரின் கருணையும் அந்தச் சுதந்திரத்தில் கலந்திருந்தன என்பதை மறைத்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் தம்மால் தனியாக நிற்க முடியவில்லையே என்று வீணாகக் குமைவார்கள்.

என் கருத்து இதுதான். சுதந்திரத்தைத் தேடுகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியது 'நான் எதிர்த்தேனா' என்பது மட்டும் அன்று. 'எதிர்த்து நின்ற ஒருவருக்கு அருகில் இரண்டாமவராக நான் எப்போதேனும் நின்றிருக்கிறேனா' என்பதும் கேட்கப்பட வேண்டும். இரண்டாமவருக்குச் சிலை வைப்பதில்லை. ஆனால் உளநூல் மாணவி சொன்ன கணக்கின்படி அறையை மாற்றுகிறவர் அவர்தான்.

பதிவு 8 – குறுக்குக்கேள்வி

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் ஓட்டை இருக்கிறது. முதல் கூட்டத்தை விட்டு இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்தால் அது எப்படித் தனிமனிதச் சுதந்திரம் ஆகும்? மேய்ப்பனை மாற்றிக்கொண்ட ஆடு இன்னும் ஆடுதானே?

பதிவு 9 – உளநூல் மாணவி

இந்தக் கேள்வியைத்தான் நான் பல நாட்களாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஸ்டான்லி மில்கிராம் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் தொடங்கிய பரிசோதனைத் தொடரைப் பலரும் அறிந்திருப்பீர்கள். அடுத்த அறையில் இருப்பவர் ஒவ்வொரு முறை தவறாக விடை சொல்லும்போதும் கூடுதல் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் பணிப்பார். அதிர்ச்சி உண்மையானது அல்ல. பங்கேற்றவருக்கு அது தெரியாது. 1963-இல் வெளியான முதல் கட்டுரையின்படி நாற்பது பேரில் இருபத்தாறு பேர் 450 வோல்ட் என்ற கடைசிப் பொத்தான்வரை போனார்கள்.

ஆனால் அதே மில்கிராம் வேறொரு வகையில் பங்கேற்பாளரோடு இரண்டு பேரைக் கூட அமரவைத்து, அவர்கள் ஒருவர்பின் ஒருவராக 'இனிச் செய்யமாட்டேன்' என்று எழுந்துவிடும்படி ஏற்பாடு செய்தார். அப்போது நாற்பது பேரில் கடைசிவரை போனவர்கள் நான்கு பேர் மட்டுமே. 1965-இல் வெளியான அந்தக் கட்டுரைக்குக் குழு அழுத்தத்தின் விடுவிக்கும் விளைவுகள் என்ற பொருளில் அவர் தலைப்பிட்டார். கட்டிப்போடுவதாக நாம் அஞ்சும் அதே அழுத்தம் கட்டவிழ்க்கவும் செய்கிறது. இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு: எழுந்து மறுத்தவர்களிடம் பின்னர் கேட்டபோது, மற்ற இருவர் இல்லாவிட்டாலும் தாம் நிறுத்தியிருப்போம் என்றே அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். துணையின் உதவியை நம் மனம் கணக்கில் எழுதுவதில்லை.

எனவே, மறுத்தவர்கள் மேய்ப்பனை மாற்றிக்கொண்டவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைகள் நடுங்க, வியர்வை வழிய, நிறுத்தலாமா என்று ஆய்வாளரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேதான் அந்தப் பொத்தான்களை அழுத்தினார்கள் என்பதை அந்தப் பதிவுகள் காட்டுகின்றன. மறுக்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்த இருவர் அவர்களுக்குள் நட்டுவைக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. மறுப்பதும் இயலக்கூடிய ஒன்று, வானம் இடிந்து விழாது என்பதை மட்டுமே இருவரும் காட்டினார்கள். ஆஷின் அறையிலும் அப்படித்தான்: துணை வந்ததும் கோட்டின் நீளம் மாறவில்லை, வாய்தான் திறந்தது. (கூட்டத்தைக் கேட்டுத் தம் கண்ணையே சந்தேகித்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவைக்கிறேன்.)

பதிவு 10 – ஓய்வுபெற்ற ஆசிரியர்

இளையவர்களின் உரையாடலில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகள் குறளைப் படித்தும் பாடஞ்சொல்லியும் வந்தவனுக்கு ஒரு முடிச்சு மட்டும் இன்னும் அவிழவில்லை. அறிவுடைமை என்ற ஒரே அதிகாரத்தில், எப்பொருளை யார் வாயிலாகக் கேட்டாலும் அதன் மெய்ப்பொருளை நீயே காண் என்று 423-ஆம் குறள் சொல்கிறது. மூன்றே குறள் தள்ளி, உலகம் எவ்வாறு நடக்கிறதோ அவ்வாறே அதனோடு பொருந்தி நடப்பது அறிவு என்று 426-ஆம் குறள் சொல்கிறது. இரண்டையும் அறிவு என்றே ஒருவர் சொல்கிறார்.

முதலாவது காண்பதைப் பற்றியது, இரண்டாவது உறைவதைப் பற்றியது என்று என் மாணவர்களுக்கு விளக்கம் சொல்வேன். சிந்தனையில் யாருக்கும் கட்டுப்படாதே, வாழ்க்கையில் ஊரோடு பொருந்தி இரு என்பதாக. அந்த விளக்கம் வகுப்பறைக்குப் போதுமானதாக இருந்தது. கண்ட மெய்ப்பொருள் உறையும் உலகத்துக்கு எதிராக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். மணி அடித்துவிட்டது, அன்று தப்பித்தேன்.

பதிவு 11 – பழைய வாசகர்

ஐயா, உங்கள் மாணவியின் கேள்விக்குப் பதினேழாம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஸ்பினோசாவின் வாழ்க்கை ஒரு விடையாக இருக்கலாம்.

1656-இல், இருபத்து மூன்று வயதில், ஆம்ஸ்டர்டாமின் யூதச் சமூகம் அவரை விலக்கிவைத்தது. அவரோடு பேசக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்று கடுமையான சாபமொழிகளோடு ஆணை பிறந்தது. அவர் அதை எதிர்த்து ஊர்வலம் போகவில்லை; வேறொரு சமயத்தில் சேர்ந்துகொள்ளவும் இல்லை. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தார். அண்டை வீட்டார் குறை சொல்ல முடியாதபடி அமைதியாக வாழ்ந்தார். 1670-இல், சிந்திக்கும் உரிமையைப் பேசும் நூலை ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளியிட்டார். 1673-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியைக் கொடுக்க முன்வந்தது. நிறுவப்பட்ட சமயத்துக்கு இடையூறு செய்யாதவரை சிந்திக்கும் சுதந்திரம் உண்டு என்ற குறிப்போடு அந்த அழைப்பு வந்ததால், அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்று தமக்குத் தெரியாது என்று பணிவாக மறுத்தார். அவருடைய முதன்மையான நூல் அவர் இறந்த 1677-இல்தான் அச்சேறியது. அவருடைய முத்திரையில் 'எச்சரிக்கையாயிரு' என்று பொருள்படும் இலத்தீன் சொல் பொறிக்கப்பட்டிருந்தது.

வெளியே இணக்கம், உள்ளே வளையாமை. ஆனால் இணக்கம் எங்கே உள்ளே புகத் தொடங்குமோ அந்த வாசலில், ஒரு பேராசிரியர் பதவியே காத்திருந்தபோதும் அவர் நின்றுவிட்டார். எனக்கு அந்த மறுப்பு எந்த முழக்கத்தையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

பதிவு 12 – தராசு

ஸ்பினோசாவுக்கு வில்லை தேய்க்கத் தெரிந்திருந்தது, ஒண்டிக்கட்டை. அதை மறந்துவிட வேண்டாம்.

நீங்கள் அனைவரும் மறுப்பை மனத்தின் வலிமையாகவே பார்க்கிறீர்கள். அதற்கு ஒரு விலை இருக்கிறது; அது எல்லாருக்கும் ஒரே விலை அல்ல. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் எழுத்தாளர் வாக்லாவ் ஹாவெல் 1978-இல் எழுதிய கட்டுரையில் ஒரு காய்கறிக்கடைக்காரரைக் கற்பனை செய்தார். அவர் தம் கடைச் சன்னலில் உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள் என்ற அட்டையை வைக்கிறார். அதை அவர் நம்புவதும் இல்லை, எதிர்ப்பதும் இல்லை. வைக்காவிட்டால் தொல்லை வரும் என்பதால் வைக்கிறார். ஒருநாள் வைக்க மறுத்தால் அவர் பொறுப்பு பறிபோகும், சம்பளம் குறையும், பிள்ளைகளின் மேற்படிப்பு ஆட்டம் காணும். அந்த மறுப்பை ஹாவெல் உண்மையில் வாழ முயல்வது என்று உயர்த்திப் பேசுகிறார். தாமே சிறை சென்றவர் என்பதால் அதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. தம் சொந்த வாழ்வில் எதையும் இழக்காத நாம் அந்தக் கடைக்காரரைக் கோழை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

பழைய வாசகர் சொன்ன கால்வினையே பாருங்கள். முதலில் மறுத்தது அந்தச் சிறுமி. அவளுடைய வயதும் சூழலும் பொருந்தாது என்று கருதி இயக்கத்தினர் அவளை முன்னிறுத்தவில்லை. பேருந்துப் பாகுபாட்டைச் சட்டப்படி வீழ்த்திய வழக்கில் வாதிகளில் ஒருத்தி அவள். ஆனாலும் பல பத்தாண்டுகள் அவள் பெயர் வெளியே தெரியவில்லை. கலகத்துக்கும் ஏற்புடைய முகம் வேண்டும் என்று கலகக்காரர்களே தீர்மானித்தார்கள். அங்கேயும் ஓர் ஒத்துப்போதல் இருந்தது.

பதிவு 13 – பழைய வாசகர்

கால்வினைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. கடைக்காரரைப் பற்றி மட்டும் ஒன்று: அந்தக் கட்டுரை அவரைக் கோழை என்று பழிக்கவில்லை. அவருடைய அட்டையைப் பார்க்கும் அடுத்த கடைக்காரரும் அதே அட்டையை வைத்திருக்கிறார், ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காவலாளியாகிவிடுகிறார் என்பதையே அது காட்டுகிறது. ஆஷின் அறையில் ஒருமித்த குரல் செய்ததைத் தெரு முழுவதும் அந்த அட்டைகள் செய்கின்றன. ஓர் அட்டை காணாமல் போனால் அதிகாரம் ஏன் அவ்வளவு பதறுகிறது என்பதற்கும் அதுவே காரணம்.

பதிவு 14 – அரைவெளிச்சம்

எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை மூன்று முறை. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வேறொரு நினைவு வந்து தடுத்ததுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஒளிப்படப் போட்டியின் தேர்வுக் குழுவில் இருந்தேன். ஐந்து பேர். முதல் பரிசுக்கு வந்த படம் ஏற்பாடு செய்து எடுக்கப்பட்டது, இயல்பாக நிகழ்ந்ததாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று எங்களில் மிக இளையவர் ஒருவர் சொன்னார். நிழல்கள் இரண்டு திசையில் விழுந்திருந்தன. எனக்கும் அது தெரிந்தது. மற்ற மூவரும் பெரிய பெயர்கள். அந்த இளையவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். படத்துக்குப் பரிசு கிடைத்தது. அந்த இளையவரை அதன்பின் எந்தக் குழுவுக்கும் அவர்கள் அழைக்கவில்லை.

பதினெட்டு வயதிலிருந்து கலகக்காரன் என்று என்னை நானே அழைத்துக்கொண்டவன் நான். தந்தையை எதிர்த்தவன் என்ற ஒரே பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு, மற்ற எல்லா அறைகளிலும் தலையாட்டியிருக்கிறேன். ஒருவரை எதிர்ப்பது எனக்கு எளிதாக இருந்ததற்கு, அவர் என்னைக் கைவிடமாட்டார் என்று உள்ளூரத் தெரிந்திருந்ததுதான் காரணமோ என்னவோ. தராசு சொன்ன விலையை அவரிடம் நான் ஒருநாளும் கொடுக்கவில்லை.

உளநூல் மாணவி எழுதிய அந்த அபத்தமான விடை சொன்ன துணையைப் பற்றியும் நிறைய யோசித்தேன். நான் வளர்ந்தபோது சுற்றியிருந்தவர்கள் அனைவரும் என்னைப் பற்றி ஒரே மாதிரியாக, மென்மையாக, 'அவன் விருப்பம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். உரக்க மாறுபட்டவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னது எனக்குப் பொருந்தாத விடை. ஆனால் என் வாழ்க்கையைப் பற்றி ஒரு விடை சொல்ல வேண்டும் என்று நினைத்தவர் அவர் மட்டுமே. அவர் தவறாக மாறுபட்டதால்தான் நான் எனக்கென்று ஒன்றைச் சொல்லப் பழகினேன் என்று நினைத்தால், என் கேள்வியே சற்று இடம் மாறிவிடுகிறது. அவர் கட்சி மாறவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான்.

பதிவு 15 – குறுக்குக்கேள்வி

அந்த இளையவரிடம் இதைச் சொன்னீர்களா? எங்களிடம் சொல்வது எளிது.

பதிவு 16 – தராசு

நான்கு ஆண்டுகள் கழித்துச் சொல்வதால் அவருக்கு என்ன பயன்? சொல்பவருக்கு வேண்டுமானால் மனம் இலேசாகலாம்.

பதிவு 17 – உளநூல் மாணவி

பயன் இருக்கலாம். நிழல்கள் இரண்டு திசையில் விழுந்திருந்ததாகத் தனக்கு மட்டும்தான் தோன்றியதோ என்று அவர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

பதிவு 18 – அரைவெளிச்சம்

நேற்று இரவு அவருக்கு எழுதினேன். மூன்று வரிகள்: அந்தப் படத்தின் நிழல்களை நானும் பார்த்தேன் என்பது ஒன்று, அன்று நான் பேசவில்லை என்பது ஒன்று, பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பது ஒன்று. இதுவரை பதில் வரவில்லை.

இன்று காலை கேமராவை எடுத்தேன். மின்கலம் தீர்ந்திருந்தது, அது ஏறும்வரை சன்னலருகே காத்திருந்தேன். வெளிச்சம் போதாத நேரத்தில் ஒரே ஒரு படம் எடுத்தேன், மங்கலாக வந்திருக்கிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அழிக்காமல் வைத்திருக்கிறேன்.